இயந்திரத்தின் பங்கு

அண்மைக் காலத்தில் நம்மிடையே ஒரு புதிய இலக்கிய வகை தோன்றியிருக்கின்றது. அதனை இலக்கியம் என்று கூறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாளிதழ்களின் ஞாயிறு மலர்களிலும், தொழில் வழிகாட்டிக் கருத்தரங்குகளிலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களின் தலைமையுரைகளிலும் அது வாழ்கின்றது. செயற்கை நுண்ணறிவு வருகின்றது, வேலைகள் மாறப்போகின்றன, தொழிலாளி அதற்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளல் வேண்டும். இதுவே அதன் பாடுபொருள். அதற்கென ஒரு நடை உண்டு; ஒரு கதைத்தலைவன் உண்டு; தவறாத மங்கல முடிவும் உண்டு. நாவலையும் கவிதையையும் மட்டும் தன் எல்லையாகக் கொண்டு, இதனைப் பொருளியலாரின் பொறுப்பில் விட்டுவிடுவது விமர்சகனுக்கு அழகன்று. ஏனெனில், நம் மாணவர் நாவல்களிலும் பார்க்க இதனையே மிகுதியாகப் படிக்கின்றனர். படித்ததை மெய்யென்று கொள்கின்றனர்.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவரை இப்பொருள் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். வந்தவற்றுட் பெரும்பாலானவை ஒரே குரலிற் பேசின. இயந்திரம் வேலையைப் பறிக்காது, இயந்திரத்தை அறிந்தவனே அறியாதவனின் வேலையைப் பறிப்பான் என்று இன்று எங்கும் ஓதப்படும் வாசகம் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருந்தது. சிலவற்றை அவ்வியந்திரமே எழுதிக் கொடுத்திருந்தது என்பதை உணர அதிக நேரம் செல்லவில்லை. தன் வரவைக் குறித்துத் தானே புகழ்மாலை தொடுத்த தலைவனை நம் பழைய இலக்கியத்தில் நான் கண்டதில்லை. அவனுக்கும் ஒரு புலவன் தேவைப்பட்டான்.

அக்கட்டுக்குள் ஒரேயொரு கட்டுரை வேறு விதமாக இருந்தது. எழுத்துப் பிழைகள் மலிந்த ஒன்றரைப் பக்கம். எழுதியவனின் தந்தை கீரிக் கரையில் இன்னொருவருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போகின்றவர். அவன் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தங்கள் வீட்டுக் கணக்கை எழுதியிருந்தான். பிடிபட்ட மீனை விற்று, எண்ணெய்க் காசைக் கழித்து, எஞ்சியதைப் பிரிக்கும்போது வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, அதன்பின்னர்தான் ஆட்களுக்கு. எஞ்சின் சோறு தின்பதில்லை, ஆகையால் அதன் பங்கைச் சம்மாட்டி தின்கிறார் என்று அவன் முடித்திருந்தான். புதிய இயந்திரம் வந்தாலும் அதற்கும் ஒரு பங்கு கேட்பார்கள்தானே என்பது கட்டுரையின் கடைசி வரி.

இவ்வொரு வரியை அளவுகோலாகக் கொண்டு, மேலே குறித்த புதிய இலக்கியத்தையும், இயந்திரம் வந்து உழைப்பவனின் வாழ்வைக் கலைத்ததைப் பொருளாகக் கொண்ட நம் பழைய நாவல்கள் சிலவற்றையும் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தகவமைதல் என்பது உயிரியலிலிருந்து பெறப்பட்ட சொல். அவ்வறிவியலில் அது தலைமுறை தலைமுறையாக நிகழ்வது. சூழலுக்குப் பொருந்தாதவை மடிந்தொழிவதால் நிகழ்வது. சொல்லைக் கடன் வாங்கியோர் அதன் பாதியை மட்டும் கொண்டுவந்திருக்கின்றனர். மேலும், சூழல் என்பது எவராலும் ஏவப்படாத ஒன்று. மழை பொய்ப்பதற்கு எவர் மீதும் வழக்குத் தொடர முடியாது. வேலைத்தலத்தில் எந்த இயந்திரம் வரும், எவ்வளவு விரைவாக வரும், அதன் பின்னர் எத்தனை பேர் எஞ்சுவர் என்பதோ நிருவாக அறையொன்றில் மேசையைச் சுற்றியிருந்து தீர்மானிக்கப்படுவது. அதனை வானிலை போல வருணிப்பதற்கே இச்சொல் பயன்படுகின்றது.

தமிழாசிரியன் என்ற முறையில் என்னை உறுத்துவது இவ்வெழுத்தின் இலக்கணம். அதிலே வேலைகள் மறைகின்றன, வேறு வேலைகள் தோன்றுகின்றன, திறன்கள் காலாவதியாகின்றன. எல்லாம் தன்வினை. மறைப்பவரும் தோற்றுவிப்பவரும் எழுவாயாக வருவதில்லை. எழுவாயாக வருபவன் தொழிலாளி ஒருவனே; அவனுக்குரிய வினைமுற்றோ எப்பொழுதும் 'வேண்டும்' என்பது. அவன் கற்க வேண்டும், மாற வேண்டும், விரைய வேண்டும். அவனுக்கு மனைவி மக்கள் இல்லை, அடைவு வைத்த நகை இல்லை, சங்கம் இல்லை. பக்கத்து மேசையில் இருப்பவன் அவனுக்குத் தோழனாக அன்றிப் போட்டியாளனாகவே வருகின்றான். முதலாளி என்ற பாத்திரம் கதையில் நுழைவதே இல்லை. ஒரு நாடகத்திலே தலைமைப் பாத்திரத்தை மறைத்துவிட்டு மற்றவனை மட்டும் மேடையில் ஆடவிட்டால், அவன் ஏன் துள்ளுகின்றான் என்பது பார்ப்பவருக்கு விளங்காது.

இவ்விலக்கணம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். இந்தியாவின் மிகப் பெரிய தகவல் தொழில்நுட்பக் கம்பனியான டாட்டா கன்சல்டன்சி, 2025 ஜூலையில் தன் ஊழியரில் நூற்றுக்கு 2 பேரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை நீக்கப் போவதாக அறிவித்தது. சென்னையிலும் அக்கம்பனிக்குப் பெருந்தொகையான ஊழியர் உளர். நம் உறவினர் பிள்ளைகளும் அவருள் இருக்கலாம். அப்பொழுது அதன் தலைமை நிருவாகி அளித்த விளக்கம் நோக்கத்தக்கது. செயற்கை நுண்ணறிவு காரணம் அன்று. திறன் பொருந்தாமையே காரணம் என்றார். இயந்திரமும் காரணமன்று, கம்பனியும் காரணமன்று என்றால் எஞ்சுவது யார்? நீக்கப்பட்டவனே தன் நீக்கத்துக்கு எழுவாயாகிவிட்டான்.

இனி அம்மாணவனின் கணக்குக்கு வருவோம். பங்கு என்பது நம் கரையில் மிகப் பழைய அறிவு. கரைவலை இழுப்போர் தம் தோளின் பங்கு இவ்வளவு, வலையின் பங்கு இவ்வளவு என்று அறிந்தே இழுத்தனர். பங்கு நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்தது என்று மட்டுமே சொல்கின்றேன். மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில், 1906 இன் முத்துக்குளிப்பிலே இளம் ஆங்கில அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃப் பிற்காலத்தில் அதனைப் பற்றி எழுதினார். சிறுகதை ஒன்றும் செய்தார். மூச்சடக்கிக் கடலடியில் எடுத்த சிப்பி கரையில் மூன்று குவியலாக்கப்பட்டது. இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவருக்கும் தோணியாருக்கும். கொள்ளை என்றுதான் அதனைக் கூற வேண்டும். ஆனால் மணலின் மேல் மூன்று குவியல் கிடந்தது. எழுத்தறியாதவனும் எண்ணிப் பார்க்க முடிந்தது. இன்று வடக்கின் கரையோரங்கள் சிலவற்றில் கரைவலையை மனிதர் இழுப்பதில்லை. உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலி இழுக்கின்றது. இழுத்த தோள்களின் பங்கு எங்கே போயிற்று என்று அங்குள்ள எவரும் உடனே கூறுவர். அதைத் தடுக்க வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சண்டை நிகழ்வது அதனாலேயே. கணினிக்குள் வந்திருக்கும் இயந்திரத்தின் பங்கோ மணலிற் குவிக்கப்படுவதில்லை. அது உற்பத்தித்திறன் என்ற அழகிய பெயருடன் ஆண்டறிக்கையின் உள்ளே போய்விடுகின்றது.

நம் நாவல்கள் இப்பங்கைக் கண்டனவா?

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977 இல் வெளிவந்தது. மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரையின் கத்தோலிக்க மீனவரைப் பற்றிய நாவல். நம் கரையிலிருந்து பார்த்தால் மிக அருகில் உள்ள உலகம். அவர்கள் வல்லம் என்பதை நாம் வள்ளம் என்போம், அவ்வளவே. குரூஸ் மிக்கேல் என்ற முதிய மீனவன் தன் வல்லத்தின் மீது கொண்ட பற்றும், வல்லக்காரருக்கும் லாஞ்சுக்காரருக்கும் மூண்ட பகையும் அதன் முதுகெலும்பு. மகன் செபஸ்தி வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வற்புறுத்துகின்றான். மகன் கெட்டவன் அல்லன். காலம் மாறிவிட்டது என்கின்றான்; கணக்கும் அவன் பக்கமே இருக்கின்றது. தந்தையோ அப்பேச்சைக் கேட்கவும் பொறுக்கமாட்டாதவனாக இருக்கின்றான். மகள் பிலோமியின் காதலும் அதன் முறிவும் இந்நாவலைப் பலருக்கும் காதற் கதையாகவே நினைவிலிருத்திவிட்டன. அது நாவலுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பேன்.

தகவமைதல் பற்றிய இன்றைய அறிவுரைகளை எழுதுவோர் அனைவரும் செபஸ்தியின் குரலிற் பேசுகின்றனர். அவர்களை மறுப்பதற்கு வண்ணநிலவன் ஒரு வாதமும் வைக்கவில்லை. குரூஸ் மிக்கேலைக் காட்டுகின்றார், அவ்வளவே. கருவி என்று நாம் சொல்வது ஒருவனுக்குக் கருவி மட்டும் அன்று. காற்றையும் நீரோட்டத்தையும் அவன் கற்ற பள்ளிக்கூடம் அது. ஊரில் அவனுக்குள்ள மரியாதை அது. அதனை விற்று வேறொன்றை வாங்கிக்கொள் என்பவன் அவனிடமிருந்து எதனை எடுக்கின்றான் என்பதைத் தானும் அறியாதவன். ஐம்பது வயதில் திறனை மாற்றிக்கொள் என்று சொல்லப்படும் கணக்கெழுத்தாளனையோ அச்சுப்பிழை திருத்துபவனையோ எண்ணிப் பார்க்கும்போது, எந்த அறிக்கையையும்விட இந்நாவல் எனக்கு உதவியது. இழப்பு என்பது ஊதிய இழப்பு மாத்திரமன்று. இதனை நம் இயக்கத்தவர் அக்காலத்தில் மனோரதியம் என்று தள்ளியிருப்பர். அது பிழை.

ஆயினும் குறையொன்று உண்டு. லாஞ்சு யாருடைய முதலால் வந்தது, யாருடைய கடனால் வந்தது, அதன் பங்கு எவ்வாறு பிரிக்கப்பட்டது என்னும் கணக்கு நாவலின் மையத்துக்கு வருவதில்லை. வல்லம் ஒரு வாழ்க்கை முறை, லாஞ்சு இன்னொன்று என்ற அளவிலே பகை நிற்கின்றது. எனவே வாசகன் முன்னே இரு வழிகள்தாம்: செபஸ்தியோடு போவது, அல்லது குரூஸ் மிக்கேலோடு அழுவது. அழுவது எளிது, அதனாற்போலும் இந்நாவலை எல்லாரும் விரும்புகின்றனர். லாஞ்சையே வல்லக்காரர் பத்துப் பேர் சேர்ந்து வாங்கியிருந்தால் என்னாகும் என்ற வினாவை எழுப்பும் பாத்திரம் அக்கடற்கரையில் இல்லை. வாழ்க்கையில் அத்தகையோர் இருந்தனர். கரையோரக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் அந்த வினாவிலிருந்தே பிறந்தவை. அவற்றுட் பல நலிந்து போனதும் உண்மை. அதுவும் நாவலுக்குரிய பொருளே.

தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' இதற்கு நேர் எதிரான நாவல். 1953 இல் வெளிவந்து, பின்னர் செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர் நூல் கிடைக்காமற் பட்டினியில் வீழ்ந்த கதை. இங்கே பங்கு மறைக்கப்படவில்லை. நூல் யார் கையில் இருக்கின்றது, ஏன் பதுக்கப்படுகின்றது, விலை ஏறுவதால் யார் கொழுக்கின்றனர் என்பதை ரகுநாதன் விரல் நீட்டிக் காட்டுகின்றார். தறியைக் குறித்து ஏங்குவதோடு அவர் நின்றுவிடவில்லை. பசி தனியொருவனின் விதி அன்று, அதற்குக் காரணம் உண்டு, காரணத்துக்குப் பெயர் உண்டு என்ற தெளிவைத் தமிழ் நாவலுக்குக் கொண்டுவந்த பெருமை அவருடையது. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது ஒன்றை உணர்ந்தேன். அவருடைய நெசவாளர் போராட்டத்தை நோக்கி நடக்க நடக்க மனிதர் என்ற நிலையில் மெலிந்து போகின்றனர். அவர் பேச்சிலே துண்டுப் பிரசுரத்தின் வாசனை ஏறுகின்றது. குரூஸ் மிக்கேல் வல்லத்தைப் பார்க்கும் அந்தப் பார்வையுடன் தறியைப் பார்க்கும் நெசவாளன் ஒருவன் அங்கே இருந்திருந்தால், அந்தப் போராட்டத்திற்கு இன்னும் எவ்வளவு கனம் கூடியிருக்கும்!

ஒருவர் இழப்பைக் கண்டார், கணக்கைக் காணவில்லை. மற்றவர் கணக்கைக் கண்டார். இழப்பை விரைந்து கடந்து போனார். இவ்விரு பாதிகளும் ஒரு நூலிற் சேர்ந்த நாவலை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன்.

அறிவியற் புனைகதையின் பக்கம் போனால் ஏமாற்றமே. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை மறந்த வாசகர் இல்லை. சொல்வளமும் நகைச்சுவையும் நிறைந்த கதை. 2020களின் தொடக்கத்தையே கதைக் காலமாகக் கொண்டது என்பது இன்று படிக்கையில் ஒரு வேடிக்கை. ஆனால் அங்கே இயந்திரம் ஒன்றேல் செல்லப் பிராணி, அல்லது கொடுங்கோலனின் தந்திரம். கூலி என்ற ஒன்று அக்கதையை நகர்த்துவதில்லை. ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்த செக் நாடகாசிரியர் கரெல் சப்பெக் அவ்வாறு எண்ணவில்லை. 1920 இல் அவர் எழுதிய நாடகத்தில் வரும் அச்சொல், பண்ணையடிமைகள் ஆண்டைக்குச் செய்த கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் நாட்டில் 1832 வரை இராசகாரியம் என்ற பெயரில் இருந்ததை ஒத்த ஒன்று. இயந்திரத்துக்குப் பெயர் வைக்கும்போதே உழைப்புறவு நினைவுக்கு வந்த எழுத்தாளர் அவர். நமக்கு வந்து சேர்ந்தது பெயர் மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு தடையை எதிர்பார்க்கின்றேன். அப்படியானால் இயந்திரம் வேண்டாமா, மாணவர் கணினி கற்கக் கூடாதா என்று கேட்கலாம். இயந்திரத்தை வெறுப்பது முற்போக்கு அன்று. இயந்திரத்தையும் மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்தி அறியத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்பது மார்க்ஸ் காட்டிய உண்மை. இங்கிலாந்தில் 1811 முதல் தறிச் சட்டங்களை உடைத்த லட்டைட்டுகளை மூடர் என்று பாடநூல்கள் சிரிக்கின்றன. அவர்கள் கண்ட இயந்திரத்தையெல்லாம் உடைக்கவில்லை என்பதையும், கூலியைக் குறைத்த முதலாளிமாரின் தறிகளைத் தேர்ந்து உடைத்தனர் என்பதையும், தொழிற்சங்கம் சட்டவிரோதமாக இருந்த காலத்தில் அதுவே அவர்களுக்குக் கிடைத்த பேரப்பேச்சு என்பதையும் 1952 இல் ஹொப்ஸ்போம் எடுத்துக்காட்டினார். 1812 இல் பிரித்தானிய அரசு தறி உடைப்புக்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் இயற்றியது. சூழலுக்குத் தகவமைவதற்குத் தூக்குமரம் எதற்கு?

நம் கரையின் வரலாறும் இதையே கற்பிக்கின்றது. நம் மீனவர் தகவமையாதவர் அல்லர். நைலோன் வலை வந்தது, ஏற்றனர். கண்ணாடியிழைப் படகு வந்தது, ஏற்றனர். வெளியிணைப்பு எஞ்சின் வந்தது, அதனைக் கழற்றிப் பூட்டும் வித்தையைப் பொறியியற் பட்டம் எதுவுமின்றிக் கற்றனர். அறிவுரைக் கட்டுரைகள் கேட்பதையெல்லாம் அவர்கள் செய்து முடித்து அரை நூற்றாண்டாகிறது. அதன் பின்னர் நடந்ததைத்தான் அக்கட்டுரைகள் சொல்வதில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. படகுகள் கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. பாய் விரித்துப் போன தகப்பனைக் காற்று மட்டுமே கட்டுப்படுத்தியது. எஞ்சினுக்குத் தகவமைந்த மகனை எண்ணெய்க் கிடங்கும் திறைசேரியும் டொலரும் கட்டுப்படுத்தின. எழுத்துவேலை முழுவதையும் மாதச் சந்தாவுக்கு அயல்நாட்டுக் கம்பனி ஒன்றின் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, நாளை அச்சந்தா நான்கு மடங்கானால் என்ன செய்வது என்று நம் அலுவலகங்களில் எவராவது கேட்டிருக்கின்றனரா?

இன்னொன்று. எஞ்சினை ஏற்ற அதே மீனவர் றோலரை ஏற்கவில்லை. கடலின் அடியை வாரிச் செல்லும் இழுவலை வேறு வகை இயந்திரம் என்பதை அவர்கள் கண்டனர். அது வந்தது இந்தியக் கரையிலிருந்து மட்டுமன்று. பேசாலையிலும் குருநகரிலும் நம்மவரின் இழுவைப் படகுகளும் இருந்தன. அக்கரையிலிருந்து வருவோரும் பெரும்பாலும் பங்குக்கும் கூலிக்கும் உழைக்கும் ஏழைகளே. நம் சிறைகளில் அடைபடுபவர் அவர், படகின் சொந்தக்காரர் அல்லர். பல ஆண்டுக்கால எதிர்ப்பின் விளைவாக, ஒரு தனிநபர் சட்டமூலத்தின் வழியே, 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவலைத் தொழிலைத் தடை செய்தது. தமிழகத்திலோ 1983 இன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையிலான பரப்பை நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கியது. இச்சட்டங்கள் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டன என்று எவரும் கூறார். நம் கடலைப் பார்ப்பவருக்கு அது தெரியும். எனினும் எந்த இயந்திரம் எவ்விடத்தில் எவ்வளவு நுழையலாம் என்பது இயற்கையின் விதி அன்று, பேசித் தீர்க்கப்படுவது என்பதைக் கட்டுமரக்காரர் நிலைநாட்டினர். பட்டதாரிகள் அந்த உண்மையை இன்னும் எட்டவில்லை.

ஓரிடத்தில் எட்டியிருக்கின்றனர். அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர் 2023 மே 2 முதல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் முடிவில் எழுதிய உடன்படிக்கையில், செயற்கை நுண்ணறிவை எழுத்தாளராகக் கொள்ளலாகாது, அதனைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தலாகாது, இயந்திரம் எழுதியதைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும்போது அதனை மறைக்கலாகாது என்ற நிபந்தனைகள் இடம்பெற்றன. அவர்கள் இயந்திரத்தை உடைக்கவில்லை. தனித்தனியே பயிற்சி வகுப்புக்குப் போய்த் தம்மைத் தகவமைத்துக்கொள்ளவும் இல்லை. பங்கைப் பேசினர். செல்வ நாட்டின் வலிமை வாய்ந்த சங்கம் அது என்பதை நான் மறக்கவில்லை. நைரோபியில் இதே இயந்திரங்களுக்காக இழிந்த வாசகங்களைப் படித்துத் தரம்பிரித்த தொழிலாளருக்கு மணித்தியாலத்துக்கு 2 டொலருக்கும் குறைவாகவே கிடைத்தது என்பது 2023 ஜனவரியில் டைம் சஞ்சிகை வெளியிட்ட செய்தி. இயந்திரம் தானே கற்றது என்று நாம் வியக்கும் அறிவுக்குள் அவருடைய தூக்கமற்ற இரவுகளும் உள.

நம் பெண்பிள்ளைகளை எண்ணும்போதே எனக்குக் கவலை மிகுகின்றது. உலகத் தொழிலாளர் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வியந்திரத்தால் மிகுதியாகத் தாக்கப்படக்கூடியது எழுதுவினைஞர் தொழிலே என்றது; அத்தொழிலின் பணிகளில் நூற்றுக்கு 24 மிக உயர்ந்த அளவிலும், மேலும் 58 நடுத்தர அளவிலும் அதற்கு ஆட்படக்கூடியவை. உலக அளவில் ஆண்களின் வேலையில் நூற்றுக்கு 1.4 உம் பெண்களின் வேலையில் 3.7 உம் இயந்திரமயமாகக்கூடியவை என்றும் அது கணித்தது. கடலுக்குப் போகாத வேலை, வெயிலில் நில்லாத வேலை என்று நம் கரையோரக் குடும்பங்கள் மகள்மாருக்கு விரும்பித் தேடியது அந்த எழுதுவினை மேசையைத்தான். போரில் கணவரை இழந்த தாய்மார் எத்தனை பேர் அதற்காகக் கணினி வகுப்புக்குப் பணம் கட்டினர்! தட்டச்சும் மொழிபெயர்ப்பும் விண்ணப்பம் நிரப்பலும் செய்யும் சிறிய தொடர்பாடற் கடைகளில் இருப்போர் அவர்களின் மகள்மாரே. சிங்களத்தில் வந்த கடிதத்துக்குத் தமிழில் பொருள் சொல்லி நூறு ரூபா பெறும் அவள், தகவமையாதவள் அல்லள்; தகவமைந்து அங்கே வந்தவள். இனி எங்கே போவாள் என்பதை அவளிடம் அறிவுரையாகச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அந்த இயந்திரத்தை அவளும் கற்க வேண்டும், கற்பிக்கின்றேன். அதனால் அவள் வேலை விரைவாக முடியும்போது மிஞ்சும் நேரம் யாருக்கு என்பதையும் வகுப்பிற் கேட்கின்றேன். பாடத்திட்டத்தில் இரண்டாவது கேள்வி இல்லை.

தமிழ் நாவலாசிரியர் அவளைப் பார்த்துவிட்டார் என்பதற்கு எனக்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை. இயந்திரம் பற்றி இன்று வரும் சிறுகதைகளிற் பல, அது காதலிக்குமா, கவிதை எழுதுமா என்ற வினாவிலேயே மயங்கிக் கிடக்கின்றன. எழுத்தாளரின் அச்சம் எழுத்தாளரைப் பற்றியதாக இருப்பது இயல்பே. ஆயினும் குரூஸ் மிக்கேலைப் போல அவளுடைய விசைப்பலகையின் மீது அவளுக்குள்ள பற்றையும், ரகுநாதனைப் போல அதன் பங்குக் கணக்கையும் எழுதக்கூடியவர், பெரும்பாலும் அத்தகைய கடையொன்றில் இப்பொழுது இருந்துகொண்டிருக்கலாம்.

அம்மாணவனின் கட்டுரைக்கு முதலில் நான் இட்டது நாற்பது புள்ளி. சந்திப் பிழை, ஒற்றுப் பிழை, பத்தி பிரிக்காமை ஆகியவற்றுக்காகக் குறைத்தேன். ஒற்றுப் பிழையே இல்லாத கட்டுரைகளுக்கு எழுபதுக்கு மேல் இட்டிருந்தேன். அவற்றுட் சிலவற்றை எழுதியது யார் என்பதை மேலே கூறினேன். வரும் தவணையில் அவ்வகுப்பில் 'கடல்புரத்தில்' படிக்க இருக்கின்றோம். பிரதி ஒன்றுதான் உண்டு. ஆளுக்கு ஓர் அத்தியாயமாக உரக்கப் படிப்பதென்று தீர்மானித்திருக்கின்றோம். முதல் அத்தியாயத்தை அவன் கேட்டு வாங்கியிருக்கின்றான்.